தூர் வாரியவர் பெயர் என்ன?

புதுச்சேரிப் பகுதியிலுள்ள பாகூரில் ஒரு கதை சொல்வார்கள். பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள், கோயிலில் ஆடியவர்கள். சேர்த்து வைத்திருந்த பொன்னையெல்லாம் அவிழ்த்துக் கொடுத்து, தென்பெண்ணை ஆற்றிலிருந்து பாகூர் ஏரிக்கு வாய்க்கால் வெட்ட வைத்தார்களாம். அதனால்தான் அதற்குப் பங்காரு வாய்க்கால் என்று பெயர். கதைக்கு ஆதாரம் கேட்டால் கதை சொல்பவர் முகம் சுருங்கிவிடும். தெலுங்கில் பங்காரு என்றாலே பொன். வாய்க்கால் புறப்படும் அணைக்கட்டு இருக்கும் ஊர் சொர்ணாவூர், அந்தப் பெயருக்குள்ளும் பொன் இருக்கிறது. பெயரிலிருந்து கதை முளைத்ததா, கதையிலிருந்து பெயர் வந்ததா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு வேறொரு சந்தேகம். வாய்க்காலை வெட்டியது ஒரு முறை. ஆற்றுத் தண்ணீர் சும்மா வராது, மணலையும் வண்டலையும் சேர்த்து அழைத்துக்கொண்டுதான் வரும். தண்ணீர் வயலுக்குப் போய்விடும், மண் வாய்க்காலிலேயே தங்கிவிடும். யாரும் தொடாமல் விட்டிருந்தால் ஒரு தலைமுறைக்குள் பங்காரியின் பொன் மண்ணோடு மண்ணாகியிருக்கும். அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு கோடையிலும் யாரோ மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறார்கள், கூடையில் அள்ளிக் கரையில் கொட்டியிருக்கிறார்கள், அடுத்த கோடையில் மறுபடியும் இறங்கியிருக்கிறார்கள். வெட்டக் கொடுத்தவள் பெயர் வாய்க்காலுக்கே வந்துவிட்டது. வாரியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பாகூரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் எல்லோருடைய மனமும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான் கோணலாக இருக்கிறது.

84 ஏரிகள்

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். எல்லாவற்றிலும் பெரியது வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்கு வருகிறது. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்காலில் இறங்கிப் பாகூருக்கு வருகிறது. மேலே ஒன்று நிரம்பினால் வழியும் தண்ணீர் கீழே அடுத்ததற்கு. பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று சொல்வது இந்தச் சங்கிலியை நம்பித்தான். இதில் எல்லைக் கூத்து வேறு. சொர்ணாவூர் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஊசுட்டேரியின் பரப்பில் ஒரு பகுதியும் தமிழ்நாட்டில்தான். தன் ஏரியைக் காக்க நினைக்கும் பாகூர்க்காரர், வாய்க்காலின் தலைப்புக்கு அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டும்.

ஏரியைக் காப்பது என்றால் என்னென்ன வேலை? வரத்து வாய்க்காலில் மண் எடுக்க வேண்டும். கரையில் எலியும் நண்டும் போட்ட வளைகளைத் தேடி அடைக்க வேண்டும். மதகுக்குப் பக்கத்தில் கசிவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டாமணக்கையும் சீமைக் கருவேலத்தையும் வேரோடு பிடுங்க வேண்டும், வெட்டிவிட்டால் இரண்டு மழையில் மறுபடி வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் கரையில் ஆள் நடக்க வேண்டும். இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் கிடைக்கும் பலன்? ஏரி போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

இந்த ‘அப்படியே’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

மனிதர்கள் வைத்துக்கொள்ளும் இலக்குகளை உளவியலாளர்கள் பல விதமாகப் பிரிப்பார்கள். அதில் ஒரு பிரிவு எட்டும் இலக்கு, காக்கும் இலக்கு என்பது. பத்தாயிரம் சேமிப்பைப் பதினோராயிரம் ஆக்குவது எட்டும் இலக்கு. பத்தாயிரத்தைப் பத்தாயிரமாகவே வைத்திருப்பது காக்கும் இலக்கு. எது கஷ்டம்? கணக்கின்படி முதலாவதுதான் கஷ்டமாக இருக்க வேண்டும். அதற்குள் இரண்டாவதும் அடங்கிவிடுகிறதே! ஆனால் அன்டோனியோஸ் ஸ்டாமட்டோயன்னாகிஸ், அமிதவ சட்டோபாத்யாய், தீபங்கர் சக்ரவர்த்தி மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் மக்கள் நேர்மாறாகச் சொன்னார்கள். ‘கொஞ்சம் கூட்டு’ என்பதைவிட ‘இருப்பதைக் காப்பாற்று’ என்பதே அவர்களுக்குக் கடினமாகத் தோன்றியது. காரணமும் பொருத்தமாக இருக்கிறது. எட்ட வேண்டும் என்றால் மனம் இங்கிருந்து அங்குவரை உள்ள தூரத்தை அளக்கிறது. தூரம் சிறியதாக இருந்தால் நிம்மதி. காக்க வேண்டும் என்றால் அளக்கத் தூரமே கிடையாது. அளக்க ஒன்றும் கிடைக்காத மனம் சுற்றுமுற்றும் பார்த்து, என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று எண்ணத் தொடங்குகிறது. எண்ணினால் தீராது.

எனக்கு இது புரிந்தது ஏரிக்கரையில் அல்ல, ரத்தப் பரிசோதனை நிலையத்தில். சர்க்கரை வந்த முதல் வருஷம் நான் ஒரு வீரன். மூன்று மாதச் சர்க்கரை ஒன்பதில் இருந்தது, ஏழுக்கு இறக்க வேண்டும். விடியற்காலை நடை, கேழ்வரகுக் கூழ், டீயில் சர்க்கரை கிடையாது. இறக்கினேன். வீட்டில் பாராட்டினார்கள், பக்கத்து வீட்டில் யோசனை கேட்டார்கள். மருத்துவர், “நல்லது, இப்படியே வெச்சுக்குங்க” என்றார். அந்த ‘இப்படியே’தான் என்னைக் கவிழ்த்தது. ஏழில் நிற்பதற்கு யார் கைதட்டுவார்கள்? ஆறு மாதத்தில் நடை வாரத்துக்கு இரண்டு நாளாயிற்று. கல்யாண வீட்டு லட்டு ஒன்று, பிறகு இன்னொன்று.

இரு மடங்கு வலி எங்கே போயிற்று?

இதைப் படிக்கும் விவரமானவர் ஒருவர் குறுக்கிடலாம். மனிதன் இழப்பைக் கண்டு பயப்படுகிறவன் ஆயிற்றே, கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி பெரிது என்று டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இலேயே எழுதிவிட்டார்களே என்று. உண்மைதான். 1990இல் கானமனும் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் இருவரும் மாணவர்களிடம் காபிக் குவளைகளை வைத்துச் செய்த சோதனை பிரபலம். குவளை கைக்கு வந்துவிட்டவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கைக்கு வராதவர்கள் வாங்கத் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரு குவளையையே விடாதவன் ஏரியை விடுவானா?

விடுவான். குவளை போனால் அந்த நிமிஷமே கை காலியாகிவிடும். ஏரி அப்படிப் போவதில்லை. ஒரு மழைக்காலத்தில் எத்தனை வண்டல் படிந்தது என்பது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து ஏரி அதே பரப்பில்தான் பளபளக்கும், ஆழம்தான் போயிருக்கும். கரையில் நின்று பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் இன்னொன்றையும் சுட்டிக் காட்டினார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்கு வந்த நாளில் கடலில் எவ்வளவு மீன் இருந்ததோ, அதையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்கிறார். குறைவதை அங்கிருந்துதான் கணக்கிடுகிறார். அளவுகோலே தலைமுறைக்குத் தலைமுறை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏரிக்கும் அதே கதைதான். தாத்தா நீந்திய ஆழத்தை அப்பா பார்த்ததில்லை. அப்பா பார்த்த ஆழம் மகனுக்குத் தெரியாது. மகன் பார்த்ததுதான் மகனுக்கு ஏரி. இழந்ததே தெரியாதபோது வலி எங்கிருந்து வரும்?

ஆக, இழப்புக்குப் பயப்படும் மனமும் காக்கத் தெரியாத மனமும் ஒன்றேதான். சட்டென்று பிடுங்கினால் சண்டைக்கு வரும், மெல்லக் கரைத்தால் தூங்கும்.

போர் போட்ட கதை

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்த ஏரிகளுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. சிந்திக்கா அக்ரிகோல் என்ற விவசாயிகள் சங்கம், கேஸ் கொம்யூன் என்ற பொது நிதி. ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்கள் காசு போடுவார்கள், மராமத்தைத் தீர்மானிப்பார்கள். அதை ராமராஜ்யம் என்று நான் சொல்லவரவில்லை. நிலம் இருந்தவருக்குத்தான் அங்கே குரல். வாய்க்காலில் இறங்கி மண் சுமந்தவருக்குப் பெரும்பாலும் நிலமும் கிடையாது, குரலும் கிடையாது. இருந்தாலும் ஏரி யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு ஊருக்குள்ளேயே பதில் இருந்தது.

பிறகு ஆட்சி மாறியது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூருக்கு மேற்கே கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள், இந்தியாவோடு சேர 170 பேர். அந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கொடி ஏறும். எட்டிய இலக்கு என்றால் அதற்கு ஒரு நாளும் ஒரு கல்லும் கிடைத்துவிடும். ஏரிகள் நாளடைவில் அரசுத் துறையின் கைக்குப் போயின. ஊர்ச் சங்கங்கள் எந்தத் தேதியில் செத்தன என்று சொல்ல முடியாது, அவை சாகவேண்டிய முறையில் மெல்லத்தான் செத்தன.

அப்போதுதான் போர் வந்தது. பசுமைப் புரட்சி, குட்டை நெல், சலுகை மின்சாரம், ஆழ்குழாய்க் கிணறு. ஏரித் தண்ணீருக்கு முறை உண்டு, காத்திருக்க வேண்டும், நீர்க்கட்டியிடம் கேட்க வேண்டும், மேல்மடைக்காரரிடம் சண்டை போட வேண்டும். போருக்குச் சுவிட்சைப் போட்டால் போதும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் எடுக்கலாம். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

ஆனால் அடுத்து நடந்ததைத்தான் உளவியல் கண்ணோடு பார்க்க வேண்டும். நிலத்தடி நீர் இறங்கியது. இறங்கியதும் விவசாயி என்ன செய்தார்? சும்மா இருக்கவில்லை. மேலே இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கினார், கிணற்றைவிட்டுப் போருக்குப் போனார், நீர்மூழ்கி மோட்டார் வாங்கினார், குழாயை இன்னும் இரண்டு நீளம் இறக்கினார். எதற்கு? அதிகம் விளைவிக்க அல்ல. போன வருஷம் விளைந்தது இந்த வருஷமும் விளைய வேண்டும் என்பதற்காக. அவரும் காக்கும் இலக்குக்காகத்தான் ஓடினார். பக்கத்து நிலத்துக்காரரும் அதற்காகவே ஓடினார். அவரவர் போகத்தைக் காக்க அவரவர் கடன் வாங்கிக் குழாய் இறக்க, எல்லோருக்கும் பொதுவான நீர்மட்டம் இன்னும் கீழே போயிற்று. கடலோரப் பக்கம் உப்பும் ஏறத் தொடங்கியது. நின்ற இடத்தில் நிற்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

அந்தப் போர்களுக்கு ஊறும் தண்ணீரில் ஒரு பங்கு ஏரியில் நின்று, மண்ணுக்குள் இறங்கி வருவதுதான். ஆனால் தூர் வார ஆள் கூப்பிட்டால், “எனக்குப் போர் இருக்கே” என்று ஒருவர் சொல்லிவிடலாம். முன்பு அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆயக்கட்டு என்பது ஒருவர் கழுத்தில் இன்னொருவர் கயிறு மாட்டியிருந்த ஏற்பாடு. போர் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டது, எல்லோருக்கும் முதலில் சுகமாகத்தான் இருந்தது.

1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகள் புனரமைப்புத் திட்டம் வந்தது. 2008 வரை நடந்தது. புதுவை அறிவியல் இயக்கத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் ஏரிச் சங்கங்களைக் கட்டினார்கள். இந்த முறை நிலமற்றவர்களும் பெண்களும் சங்கத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டினார்கள், அது சின்ன விஷயம் அல்ல. கரைகள் பலமாயின, மதகுகள் புதுசாயின. திட்டத்துக்குத் தொடக்க நாள் இருந்தது, முடிவு நாள் இருந்தது, இத்தனை ஏரி முடிந்தது, இத்தனை பாக்கி என்று எண்ணிக்கை இருந்தது. அதாவது, காக்கும் வேலையை எட்டும் இலக்காக மாற்றிக் கொடுத்தார்கள். மனம் அதற்கு உற்சாகமாக ஒத்துழைத்தது. 2008க்குப் பிறகு எண்ண ஒன்றும் இல்லை. சங்கங்கள் பல தளர்ந்தன. எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன், அந்தக் கரைகள்தான் இன்றும் நிற்கின்றன. ஆனால் ‘முடிந்தது’ என்ற சொல் ஏரிக்குப் பொருந்தாத சொல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல், 38 ஆண்டு கழித்து. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. பிறகு ஆண்டுகள் பல போயும் தேர்தல் இல்லை. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து என்று பலகைகள் இருக்கின்றன, கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டிய உறுப்பினர் இல்லை. ஏரிக்கரையில் வளை விழுந்தால் யாரிடம் சொல்வது?

தொண்ணூற்றாறு ஆடுகள்

நம் முன்னோர் இந்த மனக் கோணலைப் பெயரிட்டு அறிந்திருக்கவில்லை. ஆனால் அதற்கு வைத்தியம் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்குக்குக் கொடுத்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லும். பெரும்பாலும் 96 ஆடுகள். அவற்றை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். தினம் ஓர் உழக்கு நெய் அவர் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தால் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். ஆடு சாகும், கிழமாகும், கணக்கில் மட்டும் சாகாது, மூப்படையாது. இதைவிடத் துல்லியமான காக்கும் இலக்கு இருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். இதைத் தொண்ணூற்றேழு ஆக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் 96 என்று ஓர் எண் இருக்கிறது, போய் எண்ணிப் பார்க்கலாம். உழக்கு என்று ஓர் அளவு இருக்கிறது, தினமும் அளக்கலாம். நெய் வரவில்லை என்றால் அன்றைக்கே விளக்கு அணையும், ஊர் முழுக்கத் தெரியும். மெல்லக் கரையும் இழப்பை ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும் இழப்பாக மாற்றிவிட்டார்கள்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 921இல், 30 குடும்புகளிலிருந்து குடவோலையில் ஆள் எடுத்தார்கள். 12 பேர் ஆட்டை வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஒரு வருஷம்தான் பதவி. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது. முடிவே இல்லாத வேலையை ஒரு வருஷத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு நாள் வைத்திருக்கிறார்கள். பார்ப்பனச் சபையின் விதிகள்தான் அவை, எல்லா மக்களுக்கும் அதில் இடம் இருந்ததாக யாரும் ஏமாற வேண்டாம். நான் கவனிப்பது அந்த நறுக்கும் உத்தியை.

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு என்பதும் இதே உத்திதான். கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் தினமும் கவலைப்பட யாராலும் முடியாது. ஆனால் பன்னிரண்டாம் ஆண்டு நெருங்கும்போது பத்திரிகை அடிக்க வேண்டும், நாள் குறிக்க வேண்டும், சென்னையில் இருக்கும் மகன்கள் வருவார்கள், மானம் போகக் கூடாது. அந்த அவசரத்தில் அரசங்கன்று வேரோடு போகும், சுதை பூசப்படும், விரிசல் அடைபடும். மராமத்தைத் திருவிழாவாக்கி, அதற்கு ஒரு தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஏரிக்குக் குடமுழுக்கு இல்லை. அதை யாரும் ஏற்பாடு செய்யாதது நம் பண்பாட்டின் பெரிய மறதி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஊராரே சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற சொல்லைத் தமிழ்நாட்டு அரசு 2017இல் மறுபடி எடுத்துத் தூசி தட்டியது. சொல் வந்தது, ஒப்பந்தப் பத்திரமும் கூடவே வந்தது.

எதுவும் நடக்காத இரவு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறக்க, தென்பெண்ணை பொங்கிப் பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. அத்தனை தண்ணீருக்கு எந்த வாய்க்காலும் ஈடு கொடுத்திருக்காது, அதற்காக யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நான் பார்த்தது அதற்குப் பிறகு நடந்ததை. படகு வந்தது, பொட்டலம் வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள், நிவாரணத் தொகை அறிவித்தார்கள். கரை உடைந்த இடத்தில் எல்லாக் காமிராவும் நின்றன. உடையாத கரைகளுக்கு ஒரு காமிராவும் போகவில்லை. போய் என்ன எடுப்பது?

ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா இருவரும் அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். பேரிடருக்குப் பிறகு நிவாரணம் கொடுத்த ஆட்சிக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். பேரிடர் வராமல் தடுக்கச் செலவழித்த ஆட்சிக்குப் போடுவதில்லை. தடுப்புக்குப் போடும் ஒரு டாலர், பின்னால் வரக்கூடிய சேதத்தில் ஏறத்தாழ 15 டாலரை மிச்சப்படுத்துகிறது என்பது அவர்கள் கணக்கு. இதில் வாக்காளரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வராத வெள்ளத்துக்கு நன்றி சொல்ல மனித மூளைக்குப் பயிற்சி இல்லை. மழை இரவில் கரையில் விளக்கோடு நடந்து, ஒரு நண்டு வளையைக் கண்டு, களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குபவர், காலையில் டீக்கடையில் என்ன சொல்வார்? “ராத்திரி ஒண்ணும் நடக்கல.”

ஆனால் எல்லோருக்கும் இந்த வேலை ஒரே அளவில் கசப்பதில்லை. நடாலி எப்னர், அலெக்சாண்ட்ரா ஃப்ராயிண்ட், பவுல் பால்டெஸ் மூவரும் 2006இல் காட்டியது இது: இளைஞர்கள் பெருக்குவதையே நாடுகிறார்கள். வயது ஏற ஏற மனம் காப்பதன் பக்கமும் இழப்பைத் தடுப்பதன் பக்கமும் சாய்கிறது. முதியவர்களுக்குக் காக்கும் இலக்குகள் மனநிறைவோடு சேர்ந்தே வருகின்றன. ஹையாங் யாங்கும் சகாக்களும் 2015இல் இன்னொன்று சொன்னார்கள். தன்னைத் தனி ஆளாக நினைப்பவருக்கு எட்டும் இலக்கு ஊக்கம் தருகிறது. தன்னைப் பிறரோடு பிணைந்தவராக நினைப்பவருக்குக் காக்கும் இலக்கும் ஊக்கம் தருகிறது.

இரண்டையும் பாகூர் வயல்வெளியில் வைத்துப் பாருங்கள். காலையில் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பவர்களில் தலை நரைத்தவர்களே அதிகம். பிள்ளைகள் சேதராப்பட்டுத் தொழிற்சாலைக்கோ சென்னைக்கோ போய்விட்டார்கள். காக்கும் மனம் உள்ளவர்களுக்கு உடம்பில் தெம்பு இல்லை, தெம்பு உள்ளவர்களுக்கு எட்ட வேண்டியவை இருக்கின்றன. கூடவே, போர் வந்த பிறகு பிணைப்பும் குறைந்துவிட்டது. அறுபது வயதுக்காரர் ஒருவர் ஏரியைப் பற்றி ‘நம்ம ஏரி’ என்று சொல்லும் இடத்தில், இருபத்தைந்து வயதுக்காரர் ‘பாகூர் லேக்’ என்கிறார். சொல்லைக் குறை சொல்லவில்லை. லேக்குக்குப் போய்ப் படம் எடுக்கலாம், அதில் இறங்கித் தூர் வார வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

ஊசுட்டேரிக்கு 2008இல் பறவைகள் சரணாலயம் என்ற தகுதி கிடைத்தது. அதனால் பறவை பார்ப்பவர்கள் வருகிறார்கள், இந்த வருஷம் எத்தனை வந்தன என்று எண்ணுகிறார்கள். எண்ணுவது நல்லது. 96 ஆட்டைப் போல, குறைந்தால் தெரிந்துவிடும்.

காப்பதற்கு இன்னொரு வழியும் இருந்தது. காக்கிறோம் என்று நினைக்காமலே காப்பது. கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள், எருவுக்காக. குயவர்கள் களிமண் எடுத்தார்கள், சட்டிக்காக. ஏரியின் ஆழத்தை அவர்கள் யோசிக்கவே இல்லை, ஏரி தானாக ஆழமாயிற்று. யூரியா மூட்டை வந்ததும் வண்டல் தேவையில்லாமல் போயிற்று, எவர்சில்வர் வந்ததும் சட்டி தேவையில்லாமல் போயிற்று. வில்லியனூர் சுடுமண் வேலைக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருமைதான். ஆனால் விருது பெறும் சிற்பத்துக்கு வேண்டிய மண் கைப்பிடி அளவு. ஊர் முழுக்கச் சட்டியில் சோறாக்கிய காலத்தில் ஏரியிலிருந்து போன மண் மலை அளவு.

வில்லியனூர் என்றதும் தேர் நினைவுக்கு வருகிறது. திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்தார்கள், அந்த வழக்கத்தில் இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். மறுநாள் பத்திரிகையில் படம் வரும், வடத்தில் கை வைத்த பிரமுகர்கள், பின்னால் கூட்டம். எல்லோரும் முன்னால் பார்த்து இழுக்கிறார்கள், தேர் நிலைக்கு வர வேண்டும் என்பதுதான் எல்லோர் மனத்திலும்.

படத்தில் வராத சிலர் சக்கரத்துக்கு அடியில் இருக்கிறார்கள். கையில் முட்டுக்கட்டை. தேர் வீட்டுப் பக்கம் சாய்ந்தால் ஒரு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புவார்கள், வேகம் எடுத்தால் இரண்டு பக்கமும் கொடுத்து நிறுத்துவார்கள். நசுங்கக் காத்திருக்கும் விரலோடு நான்கு வீதியும் குனிந்தே வருவார்கள். அவர்கள் ஒரு நொடி அசந்தால் தேர் தெருவில் நிற்காது, திண்ணையில் ஏறும். தமிழோ அந்தக் கட்டையின் பெயரை எடுத்து, நல்ல காரியத்தைக் கெடுப்பவனுக்கு வைத்திருக்கிறது.

போன முறை வில்லியனூர் போனபோது தேர் தகரக் கொட்டகைக்குள் நின்றது. சக்கரத்தோரம் நாலைந்து கட்டைகள் கிடந்தன, புளிய மரம் என்று நினைக்கிறேன், ஓரமெல்லாம் நைந்து, நடுவில் சக்கரம் ஏறி இறங்கிய பள்ளம். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, “அத எடுத்த எடத்துலயே வெச்சிடுப்பா” என்றார். வைத்துவிட்டு வந்தேன்.